கயல் என் கையால வாங்காத சோறு

செஞ்சியில ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துல இருபத்தாறு வருஷம் சமையலரா இருந்தேன். என் சாம்பார் சாத வாசனைக்கு வாத்தியாருங்க ஸ்டாஃப் ரூமை விட்டு எழுந்து வருவாங்க. பெருமைக்குச் சொல்லல, நடந்தது. புதுசா இந்த வேலைக்கு வர்றவங்களுக்காக, நான் தப்பு செஞ்ச ஒரு விஷயத்தச் சொல்றேன்.

1. மூணு நாள்

ஒன்பதாவதுல கயல்னு ஒரு பொண்ணு. ரெஜிஸ்டர்ல ஆம்பளப் பேரு இருந்துச்சு. அது இங்க வேணாம். அனந்தபுரத்துல இருந்து பஸ்ல வருவா. வீட்ல காலையில ஒண்ணும் சாப்பிடாம ஓடி வர்றவ. மதியம் நான் போடறதுதான் அவளுக்கு முதல் சோறு. ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருந்தாரு. மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டா. "யாரு கேலி பண்றாங்கன்னுகூட அவளுக்குத் தெரியாது, விடுங்க"ன்னு அவ கிளாஸ் வாத்தியார் சொல்லுவாரு. நானும் நம்புனேன்.

எங்க கூடத்துல பசங்க ஒரு லைன், பொண்ணுங்க ஒரு லைன். கயல் பொண்ணுங்க லைன்ல நின்னா சில பசங்க சிரிப்பானுங்க. உடனே நான் கரண்டியால அண்டாவ ரெண்டு தட்டு தட்டி, "பாவம்டா, திருநங்கைப் பிள்ளை, வழி விடுங்க"ன்னு சத்தம் போட்டு, முதல் ஆளா அவளுக்கு வைப்பேன். நமக்கு எவ்ளோ நல்ல மனசுன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு வேற.

ஒரு திங்கக்கெழம அவ லைனுக்கு வரல. செவ்வாயும் வரல. புதனும் வரல. பட்டினியா கெடக்குறாளேன்னு எனக்குச் சோறு எறங்கல.

2. குழாயடி

அன்னிக்குப் பந்தி முடிஞ்சு பின்பக்கம் போனேன். குழாய்கிட்ட உக்காந்து கயல் சாப்பிட்டுக்கிட்டு இருக்கா! பக்கத்துல எங்க உதவியாளர் அஞ்சலை, சுவத்தப் பாத்துக்கிட்டு அவ தட்டுல அவ சாப்பிடறா. வேலைக்கு வந்து ஆறு மாசம் ஆகல. உப்பு அளவு தெரியாது அவளுக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

"இன்னாடி அஞ்சலை, தனிப் பந்தி நடத்துறியா?"

"புள்ள இங்க வந்து உக்காந்துச்சுக்கா. தட்டுல போட்டு வெச்சேன். அவ்ளோதான்."

"ஏம்மா கயல், ஆக்குறது நானு. அவ கையால வாங்குவே, என் கையால வாங்க மாட்டியா?"

கயல் தட்டப் பாத்துக்கிட்டே பேசுனா. "நீங்க அண்டாவத் தட்டுவீங்க. காது வலிக்கும். அப்புறம் பாவம்னு கத்துவீங்க. வெள்ளிக்கெழம சிரிச்சது மூணு பேரு. நீங்க கத்துனதும் திரும்பிப் பாத்தது நாப்பத்தோரு பேரு. எண்ணுனேன். மூணு பேரு பாத்தா சாப்பிட முடியும் ஆயாம்மா. நாப்பத்தோரு பேரு பாத்தா முடியாது."

"அஞ்சலை மட்டும் இன்னா பண்றா?"

"அந்தக்கா பாக்க மாட்டாங்க."

ஒண்ணும் தெரியாதுன்னு நாங்க சொன்ன பிள்ளைதான் இப்படி ஒவ்வொரு தலையா எண்ணி வெச்சிருந்தா.

3. ஒரே லைன்

நேரா எச்.எம். டீச்சர்கிட்ட போனேன். "ரெண்டு லைன் வேணாம்னு ஒரு ஆர்டர் போடுங்க டீச்சர்."

அவங்க கண்ணாடியக் கழட்டுனாங்க. "ரெண்டு லைன் வைக்கச் சொல்லி ஆர்டரே இல்லையேம்மா. நான் வர்றதுக்கு முன்னாடியே நீங்கதான் அப்படி வெச்சிருந்தீங்க."

வாஸ்தவம்தான். வேலைக்கு வந்த புதுசுல பசங்க முண்டியடிக்குறானுங்கன்னு பிரிச்சவ நான். மறந்தே போயிட்டேன்.

மறுநாள்ல இருந்து வந்தவங்க வந்த வரிசை, ஒரே லைன். அண்டாவத் தட்டறதையும் விட்டேன். "இன்னா ஆயாம்மா, கரண்டிக்கு ஜுரமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "உனக்குத்தான் வாய்க்கொழுப்பு, தட்ட நீட்டுடா"ன்னேன்.

கயல் வரல. பத்து நாள், குழாயடியிலயே சாப்பிட்டா. பதினொண்ணாம் நாள் தக்காளி சாதம். லைன் நடுவுல நிக்கறா. "வாடி என் கண்ணு"ன்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். முன்னாடி நின்னவனுக்கு எவ்ளோவோ அவளுக்கும் அவ்ளோ. முட்டை ஒண்ணு. நான் நிமிந்து அவ மூஞ்சியப் பாக்கல.

சோறு போடறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: ஒரு பிள்ளைக்குப் பரிஞ்சு பேசறேன்னு கூடத்தையே அது பக்கம் திருப்பி விடாதீங்க.

தட்ட வாங்குன கயல் நேரா நடந்து அஞ்சலைப் பக்கத்துல போய் உக்காந்தா. எனக்கு அப்பவும் எரிஞ்சுது. கரண்டி கையிலதான் இருந்துச்சு. தட்டல.