ஆடி கழியட்டும் என்று வைத்திருந்த பேனாக்கத்தி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று அவர் மகள் சுமதி கேட்டபோது, எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று யோசித்தேன். அக்காவோடு ஐந்து வருஷம் பேசாமல் இருந்த தம்பி நான். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதச் சம்மதித்தேன்.

அக்கா பிறந்தது கொமரலிங்கத்தில். ஊரைச் சுற்றி அமராவதித் தண்ணீர் பாய்ந்தாலும் எங்களுக்கென்று ஒரு குழி நிலம் கிடையாது. அப்பா அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டப் போனவர். அக்காவுக்குப் பதினாறு வயது இருக்கும்போது அப்பா காலமானார். எனக்கு அப்போது ஏழு வயது. அன்றிலிருந்து அம்மாவோடு அக்காவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனார். சாயங்காலம் வரும்போது அவர் மடியில் எனக்கென்று ஒரு மாங்காயோ கரும்புத் துண்டோ இருக்கும். அப்பா விட்டுப்போன மரப்பிடி போட்ட பேனாக்கத்தியால் அதைச் சீவித் தருவார். கரும்பில் கணுவெல்லாம் அக்காவுக்கு, நடுத்துண்டு எனக்கு. அக்காவுக்குப் பல் உறுதி, அதனால் கணுதான் பிடிக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

பிறகு அக்காவை மங்கலத்தில் கட்டிக்கொடுத்தோம். மச்சானுக்கு நான்கு விசைத்தறி இருந்தது. பேனாக்கத்தியும் அக்காவோடு போயிற்று. நூல் அறுக்கவும் நூல் கோன்கள் வரும் பெட்டியின் கட்டைப் பிரிக்கவும் அது எந்நேரமும் அவர் இடுப்பில் இருக்கும். சுமதி கைக்குழந்தையாக இருந்தபோதே மச்சான் தவறிவிட்டார். தறியை விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று எல்லாரும் சொன்னோம். அக்கா கேட்கவில்லை. நான்கு தறியையும் தாமே ஓட்டினார். "இந்தச் சத்தம் என்னோட போகட்டும், நீ பனியன் கம்பெனிப் பக்கம் போ கண்ணு" என்று என்னைத் திருப்பூரில் ஒரு தையல் மிஷின் மெக்கானிக்கிடம் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என் கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீருக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவரிடம் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். வேலம்பாளையத்தில் வீடு கட்டிக் குடி போனேன். ஏற்றுமதிச் சரக்கு கப்பலேறுகிற நேரம், கம்பெனியில் என்னை ஒரு மணி நேரம் வெளியே விடவில்லை. மங்கலத்துக்குப் போகிற கம்பெனி வேன் டிரைவரிடம் அக்காவுக்கான கிரகப்பிரவேசப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டேன். கூடப்பிறந்த மூத்தவருக்கு வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்க வேண்டிய பத்திரிகை. அக்கா விசேஷத்துக்கு வரவில்லை. மறுநாள் நான்தான் போன் போட்டுச் சத்தம் போட்டேன்.

"பத்திரிகை வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு தம்பி. டிரைவர் கொண்டாந்து குடுத்தாரு. டிரைவர் ஊட்டு விசேஷமாக்கும்னு இருந்துட்டேன்."

போனை வைத்தேன். தப்பு என்னுடையது என்று அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் ஐந்து வருஷம் வீம்பாக இருந்தேன். வேலம்பாளையத்திலிருந்து மங்கலம் ஒன்றும் சீமையில் இல்லை.

முதலில் இறங்கி வந்தது அக்காதான். போன வருஷம் வைகாசியில், நான் மிஷின் பார்க்கப் போகிற ஒரு கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்த சுமதி, பனியன் துணியில் சுற்றிய ஒரு பொருளைக் கொண்டுவந்து என் டூல்ஸ் பெட்டி மேல் வைத்தாள்.

"மாமா, அம்மா குடுத்து உட்டாங்க. பிடி உடைஞ்சு போச்சுங்களாம். தம்பி மாத்திக் குடுப்பானான்னு கேக்கச் சொன்னாங்க."

அப்பாவின் பேனாக்கத்தி. ஒரு பக்கத்து மரத்தைக் காணோம். மறு பக்கம் நெடுக விரிந்து, தறி நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் எந்த மிஷினிலும் கை ஓடவில்லை. அக்கா பார்த்து அசந்து போகிற மாதிரி செய்து, நானே கொண்டுபோய்க் கொடுத்து, மன்னிப்பும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

பழைய ரிவிட்டுகளைத் துளைத்து எடுத்தேன். கத்தியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் வேப்ப மரத்தில் பிடி செய்தேன். ரிவிட் அடிக்கும்போது வெடித்துவிட்டது. அடுத்துத் தேக்கு. அது நன்றாகத்தான் வந்தது. ஆனால் ஒரு பக்கத்து ரேகை நேராகவும் மறு பக்கம் சாய்வாகவும் ஓடியது என் கண்ணை உறுத்தியது. அதையும் கழற்றிப் போட்டேன். பழைய சாமான் கடையில் ஒரு நாற்காலிக் காலைக் கண்டுபிடித்தேன். நல்ல ஈட்டி மரம். அதை அறுத்து, இழைத்து, கைக்கு அடங்குகிற மாதிரி ஓரத்தை உருட்டி, பித்தளை ரிவிட் அடித்து, தேங்காயெண்ணெய் பூசிக் காயவைத்தேன். இதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

நடுவில் சுமதி மூன்று முறை கேட்டுவிட்டாள். "கத்தி ஆச்சுங்களா மாமா? அம்மா கேக்கச் சொன்னாங்க."

"ஆயிட்டே இருக்குது கண்ணு."

"வேணும்னா நானே வாங்கிட்டுப் போயிரட்டுங்களா?"

"வேண்டாம். மாமாவே கொண்டாந்து குடுக்கறேன்னு சொல்லு."

நூல் அறுக்க அவசரப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். கத்தி முழுசாகத் தயாரானபோது ஆடி பிறந்திருந்தது. ஐந்து வருஷம் அறுந்து கிடந்த உறவு, அதை ஆடியில் போய்த் தொடங்க வேண்டாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் தேங்காய் பழத்தோடு போகலாம் என்றேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, கத்தி குடுக்கறதுக்கு முகூர்த்தமா? உங்க நொரநாட்டியத்துக்கு ஒரு அளவே இல்லீங்களா? இந்த ஞாயித்துக்கெழமையே போயிட்டு வந்துருங்க."

நான் போகவில்லை. ஆடி என்பது பாதிக் காரணம்தான். அக்கா முகத்தில் விழிக்கப் பயம் என்பது மீதி. அந்தப் பயத்துக்கு ஆடி நல்ல துணையாக வந்து சேர்ந்தது.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தபோது, தறிக்குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அக்காவைப் பக்கத்துத் தறிக்காரர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. வயது ஐம்பத்தேழு. நான் கத்தியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஓடினேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சாவு வீட்டில் அதை யாரிடம் கொடுப்பது?

மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு தறிக்குடோனுக்குள் போனேன். சுவரில் ஓர் ஆணியில் புதுப் பேனாக்கத்தி ஒன்று தொங்கியது. சுமதியிடம் கேட்டேன்.

"அம்மா சந்தையில வாங்குனதுங்க மாமா. பழசை உங்களுக்குக் குடுத்து உட்ட மறு வாரமே வாங்கிட்டாங்க."

"அப்புறம் எதுக்குக் கண்ணு, கத்தி ஆச்சா ஆச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்க?"

சுமதி தறி மேல் படிந்திருந்த பஞ்சைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். "நீங்களே கொண்டாறேன்னு சொன்னீங்கல்லங்க, அதுலிருந்து ஞாயித்துக்கெழமையானா மத்தியானத்தோட தறியை நிறுத்திருவாங்க மாமா. தம்பி வந்தா இந்தச் சத்தத்துல ஒரு வார்த்தை பேச முடியாதும்பாங்க. பொழுது எறங்கற வரைக்கும் பாத்துட்டு, மறுக்கா ஓட்டுவாங்க."

எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. கத்தியைச் சுமதி கையில் கொடுக்காமல், தறி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

நம் திருப்பூர் தனி மாவட்டமானதைப் பார்க்க அக்காவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. சுமதிக்கு மாப்பிள்ளை பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக நான் முன்னால் நிற்பேன். பத்திரிகை வைக்க ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வருவேன்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய பக்கத்துத் தறிக்காரர்களுக்கும், ஆட்டோ ஓட்டியவருக்கும், கொமரலிங்கத்திலிருந்து வந்து மூன்று நாளும் உடனிருந்த பெரியவர்களுக்கும், சமையல் பொறுப்பை ஏற்றுக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. முக்கியமாக, காரியம் முடிகிற வரை தங்கள் தறிகளையெல்லாம் நிறுத்தி வைத்த அந்த வீதிக்காரர்களுக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறேன். அத்தனை தறியும் நின்ற அந்த மூன்று நாளில், மெதுவாகப் பேசினால்கூட அக்காவுக்குக் கேட்டிருக்கும்.