கடலட்டைக்காகத் திறந்த கடல்

நாகெலேவு என்ற தீவுக் கிராமத்துப் பெண்களில் இயந்திரப் படகு ஓட்டத் தெரிந்தவள் தோரிகா ஒருத்திதான். அதனால், வடக்குப் பாறைக்கடலில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது என்று ஊர்கூடி மூடியபோது காவல் வேலை அவள் தலையில் விழுந்தது. சம்பளம் கிடையாது. ஆனால் ஊர் விருந்தில் மீன் தலை அவள் தட்டுக்குத்தான் முதலில் வரும்.

சில வருஷங்களில் அந்தப் பக்கம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. முழங்கால் தண்ணீரிலேயே கடலட்டைகள் கரிக்கட்டைகள் போலக் கிடந்தன. வெளியூர்க்காரர்கள் திருட வந்தபோது தோரிகா துடுப்பை ஓங்கிக்கொண்டு விரட்டினாள்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. கூரைகள் பறந்தன, மரவள்ளித் தோட்டங்களில் உப்புத்தண்ணீர் ஏறியது. அரசாங்கம் தார்ப்பாய் கொடுத்துவிட்டுப் போனது. மழைக்காலம் முழுக்க அதன் அடியில் தோரிகாவின் பெண்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அட்டை வியாபாரி வந்தான். படகு நிறையக் கூரைத் தகரம். கடலைத் திறந்தால் தகரத்தை இன்றைக்கே இறக்குவதாகச் சொன்னான்.

ஊர்க்கூட்டத்தில் காவா என்ற வேர்ப்பானத்தின் கிண்ணம் இரண்டு சுற்று வந்தது. எல்லார் பார்வையும் தோரிகா மேல்தான் இருந்தது.

"நீ என்னம்மா சொல்ற? காத்தவ நீதானே" என்றார் ஊர்த்தலைவர்.

"ஒரு மாசம் தொறப்போம். ஒரே ஒரு மாசம்" என்றாள் தோரிகா.

அவளே சொன்ன பிறகு மறுக்க யார் இருக்கிறார்கள்?

கரையோரத்து அட்டை ஒரு வாரத்தில் தீர்ந்தது. வியாபாரி, முதுகில் மாட்டிக்கொண்டு முங்கும் காற்று உருளைகளைக் கொண்டுவந்து இறக்கினான். ஆழத்தில் பெரிய வெள்ளை அட்டை. விலையும் மூன்று மடங்கு. தோரிகாவின் புருஷன் விலிகேசா முதல் ஆளாகக் கையைத் தூக்கினான்.

"யோவ், அதை மாட்டிக்கிட்டு எப்படி ஏறணும் எறங்கணும்னு ஒனக்குத் தெரியுமா?" என்றாள் தோரிகா.

"மூச்சு விடத் தெரியும்ல, அது போதும். நீ கூடதான் யாரும் சொல்லிக் குடுக்காமலே கத்துற" என்று சிரித்தான்.

ஒரு மாசம் மூன்று மாசமானது. தினமும் நாலைந்து முறை இறங்கினான். ஒரு நாள் மதியம் ஆழத்திலிருந்து விறுவிறுவென மேலே வந்து படகில் ஏறியவன், "காலு மரத்துப்போச்சு, கொஞ்சம் தேய்ச்சு விடுங்கடா" என்றான். தேய்த்தார்கள். காலுக்கு உணர்வு திரும்பவில்லை. கடல் கொந்தளிப்பில் தலைநகரத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது போனதுதான்.

"நான் யாரையும் முங்கச் சொல்லலியே" என்று சொல்லிவிட்டு வியாபாரி உருளைகளை ஏற்றிக்கொண்டு போனான்.

ஊரில் எல்லா வீட்டுக்கும் கூரை வந்திருந்தது. பாறைக்கடலில் மணல் பாசி பிடித்து வழவழத்தது. முன்பெல்லாம் அட்டை தின்று சுத்தம் பண்ணிய மணல் அது. மீன்கள் விலகிப்போயின. தோரிகா மறுபடி மூடச் சொன்னாள். "எதைக் காக்கப் போற? தண்ணியவா?" என்று கேட்டார்கள்.

அடுத்த வருஷம் அதே வியாபாரி தெற்கே யவுலாத் தீவுக்குப் போயிருப்பதாகத் தகவல் வந்தது. தோரிகா யாரிடமும் கேட்கவில்லை. விலிகேசாவைத் தூக்கிப் படகில் படுக்கவைத்து, அரை நாள் ஓட்டிக்கொண்டு போனாள். அந்த ஊர்க்கூட்டத்தின் நடுவில் பாய் போட்டு அவனை உட்காரவைத்தாள்.

"இவரு காலை நல்லாப் பாருங்க. எங்க ஊரை நான்தான் தொறக்கச் சொன்னேன்."

வயதானவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னாலிருந்து ஒரு இளைஞன் மட்டும் முன்னால் நகர்ந்து வந்தான்.

"மாமா, ஆழத்துல எவ்வளவு இருக்கும்?"

விலிகேசா அவனைப் பார்த்தான். முகத்தில் வெகுநாளாகக் காணாத ஒரு வெளிச்சம். "இருக்குடா. கை நீட்டுற எடமெல்லாம் இருக்கு. ஒவ்வொண்ணும் இவ்வளவு நீளம்" என்று முழங்கைவரை காட்டினான்.

திரும்பி வரும்போது பாதிக் கடலில் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"கேட்டான், சொன்னேன். இந்த ஒரு வருஷத்துல என்கிட்ட எவனாவது எதையாவது கேட்டானா?"

அவள் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து மறுபடி ஓட்டினாள்.

யவுலாக்காரர்கள் கடலைத் திறந்தார்கள். கேள்வி கேட்ட அந்த இளைஞன் இரண்டாம் மாதமே கால் விளங்காமல் படுத்துவிட்டான். அவனுடைய அம்மா படகு பிடித்துத் தோரிகாவைத் தேடி வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று தோரிகா வாசலிலேயே நின்றாள்.

"படுத்தே கெடந்து அவனுக்கு முதுகுல புண்ணு வருதும்மா. எப்படிப் புரட்டிப் போடறது?" என்று கேட்டாள் அவள்.

தோரிகா அவளை உள்ளே அழைத்துப்போனாள். விலிகேசாவின் சட்டையைக் கழற்றி, எங்கே கை வைத்துத் தூக்குவது என்று காட்டிக்கொடுத்தாள்.