பெஞ்சின் மேல் வைத்த மருந்து

இந்த ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டருக்குக்கூட இரண்டு தட்டுகள்: ஒன்று வெள்ளையருக்கு, மற்றது கறுப்பருக்கு. அமெரிக்காவின் தென் மாநிலம் ஒன்றுக்கு நர்ஸ் வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. இங்கே வார்டும் இரண்டு, வாசலும் இரண்டு. புடவை கட்டி வருவதால் வெளிநாட்டுக்காரி என்று என்னை வெள்ளையரின் முன்வாசல் வழியாக உள்ளே விடுகிறார்கள். படிக்கிற உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரின் டிஸ்பென்சரியில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். மிக்சர் மருந்து வாங்க அவரவர் புட்டி கொண்டுவர வேண்டும். ஒலக்கூர்ப் பக்கத்துச் சேரி ஜனங்கள் பின்பக்க ஜன்னலுக்குத்தான் வருவார்கள்.

"புட்டிய ஜன்னல் திண்டு மேல வச்சிட்டு தள்ளி நில்லும்மா. ஜல்தி, கூட்டம் நின்னுக்கினு இருக்குது பாரு" என்பேன்.

கை படாமல் ஊற்றிவிட்டு நான் விலகியதும் எடுத்துக்கொண்டு போவார்கள். அது தவறென்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ரூத் என்ற கறுப்புப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். இரண்டு நாளாகப் பேதி. குழந்தைக்குக் கண் உள்ளே போயிருந்தது. கறுப்பர் வார்டில் இடமில்லை. வெள்ளையர் வார்டில் நான்கு கட்டில் காலி. டாக்டரிடம் கேட்டேன். நாற்பது மைல் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். நான் மறுபடி கேட்கவில்லை. வழியில் கொடுக்கச் சொல்லி மருந்துப் புட்டியை ரூத்தின் பக்கத்திலிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

அவள் அதை எடுக்கவில்லை.

"ஏம்மா கீழே வைக்கிறீங்க? இங்கே வெள்ளைக்கார நர்ஸுங்ககூடக் கையிலதானே குடுப்பாங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மன்னிக்கணும், கட்டில் இல்லை" என்றேன்.

அவள் கேட்டது கட்டிலைப் பற்றியல்ல. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு புட்டியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

குழந்தை போகும் வழியிலேயே இறந்துவிட்டதாம். புதுத் தலையணை உறைகள் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, தலைமை நர்ஸ் மறுநாள் இதையும் சொன்னாள். எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கட்டில் என் கையில் இல்லைதான். புட்டி என் கையில்தான் இருந்தது.

இன்று விழுப்புரத்திலிருந்து அண்ணன் கடிதம் வந்தது. "அங்க கறுப்பா இருந்தா கேவலமா நடத்துவாங்களாமே, உன்ன ஒண்ணும் சொல்றதில்லியே?" என்று கேட்டிருக்கிறார். வெள்ளையர் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து பதில் எழுதினேன்.

"இல்லண்ணா, நான் அவங்களோடதான் ஒக்காந்து சாப்புடுறேன்."

என் மேஜையில் வேறு யாரும் இல்லை. அதை எழுதவில்லை.