விலக்கிய மாதிரி

குருநகர் றொசாந்தி ஊசி குத்தினால் எறும்பு கடித்த அளவுக்குக்கூட நோகாது என்பார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு ஆய்வுகூடத்தில் பதினான்கு வருடமாக இரத்தம் எடுத்துச் சோதிப்பவள் அவள். அதனால்தான் ஈரல் ஆய்வைத் தொடங்கியபோது டொக்டர் பிரசாந்தி அவளைத் துணைக்கு அழைத்தார்.

ஈரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று உறுதியாக அறிய, விலாவில் ஊசி ஏற்றிச் சதை எடுப்பதுண்டு. அந்த வேதனை இல்லாமல் ஒரு குப்பி இரத்தத்திலேயே அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் ஆய்வு. நோயாளிகளோடு ஒப்பிட, குடிப்பழக்கமில்லாத சுகதேகிகள் நாற்பது பேர் தேவைப்பட்டார்கள். றொசாந்திக்கு உடனே தமையன் எமில்ராஜின் முகம்தான் நினைவுக்கு வந்தது. கடற்தொழிலாளி. ஐம்பது வயதாகியும் கள்ளை நாக்கில் வைத்தறியாதவர். வயிறு கொஞ்சம் வண்டி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

ஒருநாள் காலை அவர் கடலால் வந்த கையோடு வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

முடிவு வந்தபோது தழும்பைக் காட்டும் அளவு மற்றச் சுகதேகிகளைவிட அவருக்கு மூன்று மடங்காக இருந்தது. றொசாந்தி குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். இரத்தம் எடுத்த அன்று வெயிலும் கடுமை. இரத்தம் பழுதாகியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பதிவில் ‘மாதிரி பழுது’ என்று எழுதி, அவருக்குப் பதிலாக வேறொருவரைச் சேர்த்தாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது எமில்ராஜ் கேட்டார்.

"என்ரை இரத்தம் எப்பிடிப் பிள்ளை?"

"உங்களுக்கு என்ன அண்ணை, குடிக்காத ஆள். ஒரு குறையுமில்லை."

இரண்டு வருடம் கழித்து அவருக்குக் கால் வீங்கியது, வயிறு ஊதியது. ஒருநாள் வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தவர் வாயால் இரத்தமாகச் சத்தி எடுத்தார். ஸ்கேனில் ஈரல் சுருங்கிக் கிடந்தது. ஒருபோதும் சோதித்துப் பார்க்காத சீனி வருத்தமும் ஈரலில் படிந்த கொழுப்பும் செய்த வேலை என்றார்கள்.

றொசாந்தி பழைய பதிவை எடுத்துக்கொண்டு போய் டொக்டரின் முன் வைத்தாள். அவர் ஏசவில்லை. "நாங்கள் தேடினது இதைத்தானே, றொசாந்தி," என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

அன்று பின்னேரமே அவர் கிடந்த ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய்த் தமையனிடமும் சொன்னாள்.

"அண்ணை, அண்டைக்கே உங்கடை இரத்தம் காட்டினது. நான்தான் பிழையெண்டு விலக்கினனான்."

எமில்ராஜ் தன் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"குடிக்காதவனுக்கும் உது வருமெண்டு ஆர் கண்டது," என்றார். பிறகு, "எண்டாலும் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். திரும்பவும் கையை நீட்டியிருப்பன்தானே."

மாரி மழை தொடங்க முன்னம் அவர் போய்விட்டார். அடக்கம் முடிந்த பிறகு தமையனின் மனைவி, மச்சாள் ஜெயனி, றொசாந்தியின் கையைப் பிடித்து, "நீ இருந்தபடியால்தானே இவ்வளவும் பாத்தம்," என்று அழுதாள். விலக்கிய மாதிரியைப் பற்றி எமில்ராஜ் மனைவியிடம் ஒன்றும் சொல்லாமலே போயிருந்தார். றொசாந்தி அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டாள். அதை இன்றுவரை அவளும் சொல்லவில்லை.