சுமக்காத பிள்ளை

என் வயிற்றில் பிள்ளை இல்லை. இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என் கணவருக்குப் பதிலாகச் சயாமுக்குப் போனார். திரும்பி வரவில்லை.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும். பயத்தில் சொன்ன பொய்தானே என்று எண்ணிவிடுவீர்கள். பயம் ஒரு பங்குதான். மிச்சத்தையும் கேளுங்கள்.

குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பாலுக்காகப் பட்டையைக் கீறி மரம் வெட்டுகிற வேலை பாதிக்குமேல் நின்றுபோயிற்று. எல்லாரும் மரவள்ளி நட்டுக் கிழங்கைத் தின்று உயிரோடு இருந்தோம்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கடைசி இரண்டு எங்களுடையவை. ஒன்றில் நானும் என் கணவர் வீராசாமியும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் காளியப்பன் அண்ணனும் அவர் மனைவி அஞ்சலை அக்காவும். எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட நிறையவில்லை. அவர்களுக்கோ பல வருடங்களாகியும் குழந்தை இல்லை. சுவர் கூரைவரை எட்டாது, அக்கா அங்கிருந்தே "பாக்கியம், உப்பு இருக்காடி?" என்று கேட்பார். நான் கேட்டால் அவர் இல்லை என்று சொன்னதே கிடையாது. நான் சிலசமயம் சொல்லியிருக்கிறேன், ஜாடியில் உப்பை வைத்துக்கொண்டே!

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாத வேலை, சம்பளம், அரிசி என்றார்கள். முதலில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பாததால், பிறகு யாரும் தாமாகப் போகவில்லை. ஒருநாள் காலைப் பெரட்டில், ஆட்கள் வேலைக்கு வரிசையாக நிற்கும்போது, ஆட்களை மேய்க்கிற மண்டோர் என் கணவரைக் கைகாட்டினார்.

"வீராசாமி, நீ கெளம்பு. மத்தியானம் லோரி வரும்."

நான் ஓடிப்போய் மண்டோர் காலில் விழுந்தேன். வாயில் வந்தது அந்தப் பொய். "நான் முழுகாம இருக்கேன் ஐயா! ரெண்டு மாசம்! இவரை விட்டுடுங்க!"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வேன்... அப்படியொரு வேளையிலும் அவர் முகத்தில் மகிழ்ச்சி வந்தது. அவரும் நம்பிவிட்டார்.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? ஆள் ஒண்ணு குறைஞ்சா ஜப்பான்காரன் என்னை ஏத்திருவான்" என்றார் மண்டோர்.

காளியப்பன் அண்ணன் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். "என்னைப் போட்டுக்குங்க மண்டோரே. எனக்குப் புள்ளயா குட்டியா? அவன் இருக்கட்டும்."

அஞ்சலை அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம் அல்லவா? "பொய் சொன்னேன்" என்று இரண்டே வார்த்தை! திறக்கவில்லை. மத்தியானம் லோரியில் ஏறும்போது அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, பேர் வைக்கிறதுக்குள்ள வந்துடுவேன். பாரமெல்லாம் தூக்காத."

தலையாட்டினேன். லோரி போன பிறகு எனக்குத் துக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரர் என் பக்கத்தில் நிற்கிறார் என்ற சந்தோஷம்தான் வந்தது. ஆம்... சந்தோஷம்!

இதுவரை பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயரும் பொருந்தாது.

என் பொய்யின் வேலை அன்றோடு முடிந்துவிட்டது. நாலு நாள் கழித்து, "தள்ளிப் போயிருந்தது, வந்துவிட்டது" என்று சொல்லியிருந்தால் யார் என்னைக் கேட்டிருப்பார்கள்? ஏன் சொல்லவில்லை தெரியுமா? சோற்றுக்காக!

அஞ்சலை அக்கா தம் கல்யாணப் புடவையைக் குருண் சந்தைக்கு எடுத்துப் போய் அரிசியாக மாற்றிக்கொண்டு வந்தார். "புள்ளத்தாச்சி வெறும் கிழங்கைத் தின்னா கொழந்தைக்கு எப்படி ரத்தம் ஊறும்?" என்று எனக்கு மட்டும் கஞ்சி வைத்தார். அவருடைய கோழி இட்ட முட்டையும் எனக்கே வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து கிழங்கைப் பிய்த்துத் தின்றுகொண்டே, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கஞ்சி ருசியாக இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட இதைச் சொல்லத்தான் என் நாக்குக் கூசுகிறது. "அக்கா, நீங்களும் ஒரு வாய் குடிங்க" என்று ஒருநாளாவது சொன்னேனா? ஞாபகமில்லை என்று சொல்ல ஆசை. ஞாபகம் இருக்கிறது. சொல்லவில்லை.

மாதாமாதம் தீட்டுத் துணியை யாரும் வருமுன் ஓடைக்கு எடுத்துப் போய் அலசினேன். என் கணவரிடம், பிள்ளை நிலைக்கும்வரை தள்ளிப் படுக்கச் சொன்னேன். வயிறு தெரியவேண்டிய காலம் நெருங்கியது. அடுத்த தீட்டு வந்த அன்று வீட்டில் படுத்துக்கொண்டு சத்தம் போட்டேன்.

அக்கா ஓடி வந்தார். துணியைப் பார்த்தார். என்னை மடியில் சாய்த்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதார். அந்தத் துணியை என்னிடமிருந்து பிடுங்கி, தம் கையாலேயே அலசினார்.

"நான் சரியா உன்னைப் பாத்துக்கல, பாக்கியம்... அவரு வந்து கேட்டா என்ன சொல்வேன்?"

என்னிடமா மன்னிப்பு! கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். மயக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

ஜப்பான்காரன் போனான். சயாமிலிருந்து சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர்தான் சொன்னார்: அண்ணன் வாந்திபேதியில் போய்விட்டார், பலரோடு ஒரே குழியில் புதைத்தார்கள் என்று. அன்று அக்கா வெகுநேரம் அழுதார். பிறகு, அழுதுகொண்டிருந்த என்னை அவரே வந்து தேற்றினார்.

"அழாதடி. நல்ல காரியத்துக்குத்தான போனாரு."

பின்னால் எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அக்காவை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தோட்டமே என்னைப் புகழ்ந்தது: "பாக்கியத்துக்கு எவ்வளவு பெரிய மனசு!" நான் மரம் வெட்டப் போனபோது என் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தது யார்? அக்கா. பெருமை யாருக்கு? எனக்கு!

ஒரே ஒருமுறை சொல்லத் துணிந்தேன். "அக்கா, அந்தப் புள்ள விசயம்..." என்று ஆரம்பித்தேன். அவர் என் வாயைப் பொத்தினார். "இன்னுமா அதையே நெனச்சு ஏங்குற? விடு தாயி." நான் விட்டுவிட்டேன். அந்தக் கையை விலக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்! விலக்கவில்லை. அவர் தடுத்துவிட்டார் என்று பல வருடங்கள் எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் செத்தவர்களுக்குப் படைக்கும்போது, அக்கா அண்ணனுக்கு ஒரு வாழையிலை போடுவார். அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. அதில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் வெல்லம். பிறக்காமல் போன என் பிள்ளைக்காம்! அவர் சாகும்வரை ஒரு வருடமும் தவறியதில்லை.

என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசிவரை தெரியாமலே. இப்போது என் மகன் வீட்டில், பாக்கார் ஆராங்கில் இருக்கிறேன். அந்தச் சின்ன இலையை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் நானே போடுகிறேன்.

போன தீபாவளிக்கு, புதிதாக வந்த மருமகள் கேட்டாள்: "இது யாருக்கு அத்தை?"

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவள் நல்ல பெண்; சொல்லியிருந்தால் கேட்டிருப்பாள்.

"எனக்கு மொதல்ல தங்காமப் போச்சே, அந்தப் புள்ளைக்கும்மா" என்றேன்.

அவள் கண் கலங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பிடிக்கக் கொடுத்துவிட்டு நின்றேன்.