போன் பண்ணாமல் வந்தவர்கள்

டச்சில் சொல்வதை ஆங்கிலத்திலும் ஆங்கிலத்தில் கேட்பதை டச்சிலும் வீட்டில் உட்கார்ந்தபடி சொல்லும் என் தொழிலில், டச்சு கஷ்டமில்லை, ஆங்கிலம் கஷ்டமில்லை, வீடுதான் கஷ்டம். வீட்டிலிருந்து வேலை பார்க்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

கணவர் ரகுவின் எண்ணெய்க் கம்பெனி வேலையால் ஒன்பது வருடம் நெதர்லாந்தில் இருந்தோம். சும்மா இருக்கப் பிடிக்காமல் டச்சு படித்தேன், பரீட்சைகள் எழுதினேன். பிறகு டெக்சாஸுக்கு மாற்றல், கேட்டி என்ற ஊரில் வீடு. வேலை பெர்மிட்டுக்கு மூன்று வருடம் காத்திருந்து ஒரு ஏஜென்சியில் இன்டர்பிரட்டராகச் சேர்ந்தேன். வழக்குகளில் டச்சு சாட்சிகளை அமெரிக்க வக்கீல்கள் வீடியோவில் விசாரிப்பார்கள், நடுவில் நான். ரகசியமான விஷயம் என்பதால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூன்று புகார் வந்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். ரகுவின் மனைவி என்று இல்லாமல் நான் நானாகவே இடம்பெற்ற ஒரே பட்டியல் அது.

அடுத்தவர் எல்லைக்குள் நுழைவதற்கு இந்த இரண்டு மொழிகளிலும் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. அவற்றை நான் புத்தகத்தில் படித்ததைவிட என் வீட்டு வாசலில் படித்ததுதான் அதிகம்.

ஸ்டோரன்

டச்சில், தொந்தரவு செய்வது. அந்த ஊர்க்காரர்கள் போனை எடுத்ததும் "தொந்தரவு செய்கிறேனா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கதவைத் தட்டினாலும் அதே கேள்விதான். எங்கள் வீட்டுக் குழாய் உடைந்து பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் போன அன்றைக்குக்கூட, அந்த வீட்டு அன்னெக்கே முதலில் இதைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள்.

அங்கே போன முதல் வருடம், பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டு மணியை அடித்தேன். நல்ல ஜனவரிக் குளிர். அவள் உள்ளே கூப்பிடவில்லை. ஒரு நிமிடம் என்று சொல்லிப் போய், டைரியோடு வந்தாள். வியாழக்கிழமை மூன்று மணிக்குக் காபிக்கு வரலாம் என்றாள். எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது. என்ன ஜென்மங்களோ என்று மனதுக்குள் திட்டினேன். அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டாள்: "இது வியாழக்கிழமை வரைக்கும் கெட்டுப்போகாமல் இருக்குமா?"

இம்போஸ்

ஆங்கிலத்தில், அடுத்தவர் தலையில் பாரத்தைக் கட்டுவது. அமெரிக்காவில் இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் பாரத்தைத் தாராளமாகக் கட்டலாம். "ஐ டோன்ட் வான்ட் டு இம்போஸ், ஆனா..." என்று ஆரம்பிப்பதில் அடுத்த தெரு நிர்மலா கில்லாடி. அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் அவள் மகளை ஸ்கூலிலிருந்து பிக்கப் பண்ணுவது இருக்கும், அவளுக்கு வரும் பார்சலை வாங்கி வைப்பது இருக்கும், அவள் வீட்டு ஃபிரிட்ஜ் ரிப்பேர்க்காரனுக்காக நான் காத்திருப்பது இருக்கும்.

ஒரு கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக எங்கள் கராஜ் கதவைத் திறக்கும் நம்பரை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது செடி செழிப்பாக இருந்தது. நம்பர், பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. கேட்டியில் எங்கள் ஆட்களுக்குள் அப்படித்தான். முன்வாசல் மணியெல்லாம் பார்சல்காரர்களுக்கு. மற்றவர்கள் கராஜைத் திறந்துகொண்டு நேராகச் சமையலறைக்கு வந்து நிற்பார்கள்.

ஒருநாள் காலை, விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது நிர்மலா சாம்பார் டப்பாவோடு உள்ளே வந்து, "கீதா, எங்க இருக்க?" என்று வீடே அதிரக் கூப்பிட்டாள். சாட்சி பேச்சை நிறுத்திவிட்டார். முதல் புகார். ஒரு போன் பண்ணிவிட்டு வரக் கூடாதா என்று அவளிடம் கேட்டேன். அவள் நிஜமாகவே திகைத்துப் போனாள். "நீ வேலைல இருப்ப, போன் பண்ணா டிஸ்டர்ப் ஆகும்னுதானே பண்ணாமலே வந்தேன்!"

ட்ரெஸ்பாஸ்

ஆங்கிலத்தில், அத்துமீறி நுழைவது. ஒரு பண்ணைக்காரரின் நிலத்துக்குள் கேட்காமல் போய்க் குழாய் பதிக்க அளந்ததாக ஒரு கம்பெனி மேல் வழக்கு. அதன் டச்சு இன்ஜினியர்தான் சாட்சி. டச்சில் 'பின்னன்டிரிங்கன்' என்றால் உள்ளே புகுவது. 'பெட்ரேடன்' என்றால் வெறுமனே காலை வைப்பது. அவர் இரண்டாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் கவனமாக அதற்கேற்ற ஆங்கிலச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியின் தலையெழுத்தே இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

அப்போது என் அறைக் கதவு திறந்தது. டெக்சாஸ் வீடுகளில் ஆபீஸ் ரூமுக்கு அழகாகக் கண்ணாடிக் கதவு வைப்பார்கள், பூட்டு வைக்க மாட்டார்கள். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்த நிர்மலாவின் மாமனார், பனியனும் வேட்டியுமாக, கையில் பென் டிரைவோடு நின்றார். போர்டிங் பாஸ் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். நான் கையைக் காட்டித் தடுப்பதற்குள் திரைக்கு முன்னால் வந்து, நான்கு வக்கீல்களுக்கும் ஒரு கும்பிடு போட்டார். "நீ பேசும்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்று பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "இவர் வாதி தரப்பா, பிரதிவாதி தரப்பா?"

ஓப்டிரிங்கன்

டச்சில், வேண்டாம் என்பவர் மேல் ஒன்றைத் திணிப்பது. இரண்டாவது புகாருக்குப் பிறகு கராஜ் நம்பரை மாற்றினேன். மூன்றாம் நாள் குழுவில் ஒருத்தி, 'சிலர் வெள்ளைக்காரி ஆயிட்டாங்க போல' என்று சிரிப்புப் படத்தோடு எழுதினாள். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அறைக்கு மாட்ட ரகு ஒரு பூட்டு வாங்கி வந்தார். இந்தச் சனிக்கிழமை, அடுத்த சனிக்கிழமை என்று அது பாக்கெட்டிலேயே இருந்தது. யார் யாரோ சொல்லும் மறுப்பையெல்லாம் வார்த்தை பிசகாமல் மொழிபெயர்க்கிற எனக்கு, என் வீட்டில் ஒரு 'வராதீர்கள்' சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் நம்பரை மாற்றினேன்.

என் பிறந்தநாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் ஒர்க் ஃப்ரம் ஹோம். காலை ஒன்பதரைக்கு, அதே பண்ணை வழக்கில், அதே இன்ஜினியர் ஒரு முக்கியமான கேள்விக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கண்ணாடிக் கதவு திறந்தது. கேக், பலூன், இட்லிப் பாத்திரம், பன்னிரண்டு குடும்பம், பிறந்தநாள் பாட்டு. முன்னால் மெழுகுவர்த்தியோடு நின்றது நிர்மலா. பின்னால் என் கணவர். புது நம்பரைக் கொடுத்தது அவர்தான். "எல்லாரும் ஆசையா கேட்டாங்க கீதா, நான் எப்படி நோ சொல்றது?" என்றார் பிறகு.

திரையில் இன்ஜினியர் மட்டும் மெதுவாகக் கை தட்டினார். மூன்றாவது புகார். மத்தியானமே ஏஜென்சியிலிருந்து மெயில் வந்துவிட்டது, நாலே வரி. அதைச் சமையலறையில் நின்று உரக்க வாசித்தேன். யாருக்காவது உறைக்கும் என்று நினைத்தேன். மீதிக் கேக்கை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்த நிர்மலா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். முதுகைத் தடவிக் கொடுத்தபடி சொன்னாள்: "விடு கீதா, இனிமே டென்ஷனே இல்ல, ஃப்ரீயாதான இருப்ப... மண்டேலேர்ந்து ஸ்கூல் முடிஞ்சதும் பாப்பாவ ஆஃப்டர்கேர்ல போடாம இங்கயே விட்டுடறேன்."

அடுத்தவர் வாசலைத் தாண்டுவதற்கு டச்சிலும் ஆங்கிலத்திலும் எனக்குத் தெரிந்த அத்தனை சொற்களுக்கும் சேர்த்து, எங்கள் ஆட்கள் 'உரிமை' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கராஜ் வழியாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.