திருப்பம் வைத்த பனிப்பாதை

புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு அண்ணை வாடகைக்கு இருந்தார். ஒல்லியான உடம்பு, காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. பனி கொட்டினால் விடியவே பனி அள்ளும் சவளோடு இறங்கிவிடுவார். வாசலிலிருந்து தெருவரை அவர் வெட்டும் பாதை ஒருநாளும் நேராக இருந்ததில்லை. நடுவில் சட்டென்று திரும்பும். வேலை முடிந்ததும் அந்தத் திருப்பத்தில் ஓரமாக ஒதுங்கி நின்று தேத்தண்ணி குடிப்பார்.

மகளின் பாடப்புத்தகத்தில் முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிப் படத்தைக் கண்டேன். அதே திருப்பம். மறுநாள் அவரிடமே கேட்டேன்.

"நேரா வெட்டினால் ஒரு ஷெல்லோட முழுப்பேரும் முடிஞ்சிடுவினம்," என்றார். பிறகு சிரித்தார். "இஞ்சை விழாதெண்டு எனக்குத் தெரியும். கைக்குத்தான் தெரியேல்லை."

"சண்டை ஏன் வந்ததெண்டு மகள் எழுதோணுமாம். நீங்கள் ஊரிலை நிண்ட சண்டைக்கு என்ன காரணம், அண்ணை?"

"சண்டைக்குப் போகேக்கை தெரிஞ்சது. குழிக்குள்ளை தண்ணி முழங்காலுக்கு ஏறினாப்பிறகு, பக்கத்திலை நிண்டவன் நான் நித்திரையிலை விழாமல் தோள் குடுத்ததுதான் ஞாபகம்."

அவர் வீடு மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர்கள் பனியை மெஷினால் நேராகத் தள்ளிவிடுகிறார்கள். வாசலிலிருந்து தெரு ஒரே பார்வையில் தெரிகிறது. ஒருவர் ஓரமாக ஒதுங்கி, பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டு நிற்க, அந்தப் பாதையில் ஒரு மூலை இல்லை.